டலி மெசெஞ்சர்: பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட பெயர்

விளையாட்டு வீரர் ஒருவர் தமது ஆட்டத்துக்குக் கூலி பெறுவது குற்றமாகுமா என்ற கேள்வி இன்றைய தலைமுறையினருக்கு விசித்திரமாகத் தோன்றக்கூடும். கிரிக்கெட் வீரர்கள் ஏலத்தில் எடுக்கப்படுவதையும், உதைபந்தாட்ட வீரர்கள் பெருந்தொகைக்குக் கழகம் மாறுவதையும் நாளாந்தச் செய்திகளாகப் படித்துப் பழகிவிட்டோம். ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் றக்பி விளையாட்டின் அதிகாரபீடங்கள் இக்கேள்விக்கு ஒரே பதிலையே அளித்து வந்தன. கூலி பெறுவது குற்றம். அதற்குரிய தண்டனை ஆயுட்காலத் தடை என்பதே அப்பதிலாகும்.

அந்தத் தண்டனையை அறிந்துகொண்டே ஏற்றுக்கொண்டவர்களுள் அவுஸ்திரேலியரான டலி மெசெஞ்சர் முதன்மையானவர். தமது 24ஆவது வயதில், நாட்டின் தேசிய அணியில் இடம்பிடித்த ஒரு வாரத்துக்குள்ளேயே அவர் அந்த முடிவை எடுத்தார். றக்பி லீக் என்று இன்று அறியப்படும் 13 பேர் கொண்ட தொழில்முறை ஆட்டம் அவுஸ்திரேலியாவில் வேரூன்றிய வரலாற்றை, அவரது ஆரம்பகால வாழ்விலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

படகுக் கொட்டகையில் வளர்ந்த சிறுவன்

ஹேர்பர்ட் ஹென்றி மெசெஞ்சர் 1883ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி சிட்னி நகரின் பல்மெயின் பகுதியில் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் அவரது வயிறு சற்றுப் பருத்திருந்ததாம். அக்காலத்தில் சிட்னியில் புகழ்பெற்றிருந்த, சட்டத்தரணியும் அரசியல்வாதியுமான வில்லியம் பீட் டலி என்பவரின் பருத்த உடலமைப்பை அது நினைவூட்டியதால், வீட்டார் குழந்தையை டலி என்று அழைக்கத் தொடங்கினர். செல்லமாக வைக்கப்பட்ட அந்தப் பெயரே கடைசிவரை நிலைத்தது.

அவரது தந்தையார் சார்ள்ஸ் மெசெஞ்சர், சிட்னித் துறைமுகத்தை அண்டிய டபிள் பே என்னுமிடத்தில் படகுக் கொட்டகை ஒன்றை நடத்தியவர்; படகு கட்டுவதிலும் பணயப் பணத்துக்காகப் படகோட்டுவதிலும் பெயர் பெற்றவர். பாட்டனார் ஜேம்ஸ் மெசெஞ்சர் 1850களில் இங்கிலாந்தின் படகோட்ட வெற்றிவீரராக விளங்கியதுடன், பின்னாளில் விக்டோரியா மகாராணியாரின் அரச படகுகளுக்குப் பொறுப்பாளராகவும் பணியாற்றியவர். ஆகவே, உடல் வலுவையும் திறமையையும் கொண்டு உழைத்துச் சம்பாதிப்பது அக்குடும்பத்துக்குப் புதிய விடயமல்ல. அதில் வெட்கப்படுவதற்கு எதுவும் இருப்பதாகவும் அவர்கள் கருதியிருக்க நியாயமில்லை.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் கவனத்திற் கொள்ள வேண்டும். 1880களில் இங்கிலாந்தின் பிரதான படகோட்ட அமைப்பு வகுத்த விதிகளின்படி, கைத்தொழில் செய்து பிழைக்கும் ஒருவர், பந்தயத்தில் ஒரு சதமேனும் பெறாதவராக இருந்தாலும், அமெச்சூர் வீரராக ஏற்றுக்கொள்ளப்படமாட்டார். தொழிலாளியாக இருப்பதே தகுதியின்மையாகக் கருதப்பட்டது. அமெச்சூர் என்ற சொல்லுக்கு விளையாட்டின் மீதுள்ள அன்பினால் ஆடுபவர் என்று பொருள் கூறப்பட்டபோதிலும், நடைமுறையில் அது ஓய்வும் வசதியும் உள்ளவர்களைச் சுற்றிக் கட்டப்பட்ட வேலியாகவே இருந்தது. அந்த வேலிக்கு வெளியே நின்ற குடும்பம் ஒன்றிலேயே டலி பிறந்து வளர்ந்தார்.

டபிள் பே அரசாங்கப் பாடசாலையில் கல்வி கற்ற அவர், பின்னர் தந்தையாரின் கொட்டகையிலேயே வேலை பழகினார். கிரிக்கெட், படகு என்று பல விளையாட்டுகளிலும் ஈடுபட்ட அவர் றக்பியில் பிரகாசிக்கத் தொடங்கியது சற்றுப் பிந்தியே ஆகும். 1905இல் ஈஸ்டர்ன் சபேர்ப்ஸ் கழகத்தின் இரண்டாந்தர அணியில் ஆடிய அவர், மறு ஆண்டே முதற்தர அணிக்கு உயர்ந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநில அணியிலும் இடம்பெற்றார்.

அவர் மிக உயரமானவர் அல்லர். ஆயினும், எதிரணியினர் எதிர்பாராத திசையில் உடலை வளைத்து விலகி ஓடுவதிலும், மைதானத்தின் எந்த மூலையிலிருந்தும் பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்துப் புள்ளி பெறுவதிலும் அவருக்கு நிகரானவர் அந்நாளில் சிட்னியில் இருக்கவில்லை. அவரைக் காண்பதற்கென்றே மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கினர். அந்தப் பணம் யாருக்குச் செல்கிறது என்பதே அடுத்து எழுந்த பிரச்சினை.

காயத்தின் விலை

இப்பிரச்சினை முதலில் தலைதூக்கிய இடம் வட இங்கிலாந்து ஆகும். அங்கு நெசவாலைகளிலும் சுரங்கங்களிலும் துறைமுகங்களிலும் உழைத்தவர்களே கழகங்களின் முதுகெலும்பாக இருந்தனர். சனிக்கிழமைகளில் ஆட்டத்துக்குச் செல்ல வேண்டுமாயின் அவர்கள் அன்றைய கூலியை இழக்க வேண்டும். இழந்த கூலியை மாத்திரம் ஈடுசெய்ய அனுமதிக்குமாறு வடபகுதிக் கழகங்கள் விடுத்த கோரிக்கையை 1893இல் றக்பி சங்கம் நிராகரித்தது. 1895 ஓகஸ்ட் 29ஆம் திகதி ஹடர்ஸ்பீல்ட் நகரின் ஜோர்ஜ் ஹோட்டலில் கழகப் பிரதிநிதிகள் கூடினர். 22 கழகங்களைக் கொண்ட வடபகுதிச் சங்கம் உருவாகியது. நாளொன்றுக்கு 6 ஷிலிங் வரை இழந்த கூலியை ஈடுசெய்ய அது இடமளித்தது. 1906இல் அணிக்கு 15 பேர் என்றிருந்ததை 13 ஆகக் குறைத்து, ஆட்டத்தை மேலும் விறுவிறுப்பாக்கியது.

சிட்னியிலும் நிலைமை பெரிதும் வேறுபட்டிருக்கவில்லை. 1907 ஜூலை 13ஆம் திகதி சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் நியூ சவுத் வேல்ஸ் அணிக்கும் நியூசிலாந்து அணிக்கும் இடையே நடைபெற்ற ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 52,000 பேர் திரண்டனர். சங்கத்தின் பணப்பெட்டி நிரம்பியது. அதே காலப்பகுதியில், சிகையலங்காரத் தொழிலாளியான அலெக்ஸ் பேர்டன் என்ற வீரர் பிரதிநிதித்துவ ஆட்டமொன்றில் காயமடைந்து பல வாரங்கள் தொழில் செய்ய முடியாமல் வீட்டில் முடங்கினார். அவருக்குச் சங்கம் இழப்பீடு எதனையும் வழங்கவில்லை. மருத்துவச் செலவும் இழந்த கூலியும் அவர் தலையிலேயே விழுந்தன. கையைக் கொண்டு பிழைப்பவனின் கை முடங்கினால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது என்பதை உணர்வதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. பேர்டனின் நிலை சிட்னி வீரர்களிடையே மூண்டிருந்த அதிருப்திக்கு நெய் வார்த்தது.

மறுபுறத்தில் நியூசிலாந்தில் வேறொரு முயற்சி உருவாகிக்கொண்டிருந்தது. 1905-06இல் பிரித்தானியாவுக்குச் சென்று, அங்கு ஆடிய ஆட்டங்களில் வேல்ஸ் அணியிடம் மாத்திரம் தோல்வியுற்றுத் திரும்பிய நியூசிலாந்து அணி, தனது சங்கத்துக்குப் பெரும் இலாபத்தை ஈட்டிக் கொடுத்தது. வீரர்களுக்குக் கிடைத்ததோ நாளொன்றுக்கு 3 ஷிலிங் மட்டுமே. இதனைக் கவனித்த வெலிங்டன் நகரத் தபால் திணைக்கள எழுதுவினைஞரான அல்பேர்ட் பாஸ்கர்வில், வடபகுதிச் சங்கத்துடன் தொடர்புகொண்டு புதிய சுற்றுப்பயணமொன்றை ஏற்பாடு செய்தார். வீரர்கள் தலைக்கு 50 பவுண் முதலீடு செய்து, கிடைக்கும் இலாபத்தைத் தம்மிடையே பகிர்ந்துகொள்வது என்பதே திட்டம். பணத்துக்காக ஆடுபவர்கள் என்ற ஏளனத்தோடு பத்திரிகைகள் இவ்வணிக்கு ஓல் கோல்ட்ஸ், அதாவது முழுத் தங்கங்கள், என்று பெயர் சூட்டின.

ஓகஸ்ட் மாதத்தின் ஒரு வாரம்

பிரித்தானியா செல்லும் வழியில் இவ்வணியைச் சிட்னியில் ஆடச் செய்வதற்கு ஜேம்ஸ் கில்டினன் என்ற வர்த்தகர் முன்வந்தார். அவருக்குத் துணை நின்றவர்களுள் உலகப் புகழ்பெற்ற கிரிக்கெட் துடுப்பாட்ட வீரர் விக்டர் ட்ரம்பரும் ஒருவர். சிட்னியில் ட்ரம்பர் நடத்திய விளையாட்டுப் பொருள் விற்பனை நிலையமே இரகசிய ஆலோசனைகளுக்குரிய இடமாகியது. 1907 ஓகஸ்ட் 8ஆம் திகதி சிட்னி ஹோட்டல் ஒன்றில் கூடிய கூட்டத்தில் நியூ சவுத் வேல்ஸ் றக்பி லீக் அமைப்பு தோற்றுவிக்கப்பட்டது.

ஆனால், மக்கள் திரளாக வருவதற்கு ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயர் மெசெஞ்சர் என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை. அவரோ அப்போது தமது புகழின் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தார். ஓகஸ்ட் 3ஆம் திகதி பிரிஸ்பேனில் நியூசிலாந்துக்கு எதிராக அவுஸ்திரேலிய அணியில் முதன்முறையாக ஆடினார். 10ஆம் திகதி சிட்னியில் அதே அணிக்கு எதிராக இரண்டாவது தடவை ஆடினார். அந்த ஆட்டம் 5க்கு 5 என்ற புள்ளிக்கணக்கில் சமநிலையில் முடிவுற்றது.

அதே நாட்களில் கில்டினனும் ட்ரம்பரும் டபிள் பேயில் உள்ள அவரது வீட்டுக்குச் சென்றனர். தாயாரின் சம்மதமின்றி மகன் முடிவெடுக்கமாட்டார் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆகவே பேச்சு தாயாருடனேயே நடைபெற்றது. தாயார் இணங்கினார்; மகனும் இணங்கினார். இம்முடிவுக்குப் பணமே முழுக்காரணம் என்று கூறுவோரும் உளர். பணம் ஒரு காரணம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. எனினும், படகு கட்டி வாழும் குடும்பத்தில் பிறந்த ஓர் இளைஞன், தனது உடலால் விளையும் வருமானத்தில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்று கருதியதைப் பேராசை என்று எவ்வாறு கூறுவது?

ஓகஸ்ட் 17ஆம் திகதி, அதாவது தேசிய அணிக்காக ஆடிய சரியாக ஏழாம் நாள், சிட்னி விவசாயக் கண்காட்சி மைதானத்தில் மெசெஞ்சர் தொழில்முறை வீரராகக் களமிறங்கினார். சுமார் 20,000 பேர் கூடியிருந்தனர். புதிய ஆட்டத்தின் விதிநூல் அப்போது கைக்கு எட்டியிராத காரணத்தால் பழைய றக்பி விதிகளின்படியே போட்டிகள் நடைபெற்றன. மூன்று ஆட்டங்களிலும் நியூசிலாந்து அணியே வென்றது. ஆயினும் மெசெஞ்சரின் வரவு, புதிய அமைப்புக்கு உயிர்கொடுத்தது. அவரை இழந்த றக்பி சங்கம் அவருக்கு ஆயுட்காலத் தடை விதித்ததுடன், அவரது பெயரையும் சாதனைகளையும் தனது பதிவுகளிலிருந்து நீக்கியது.

கொழும்பு வழியாக இங்கிலாந்துக்கு

மெசெஞ்சரின் ஆட்டத்தைக் கண்ட பாஸ்கர்வில், தமது அணியுடன் பிரித்தானியா வருமாறு அவரை அழைத்தார். அணியில் இடம்பெற்ற ஒரேயொரு அவுஸ்திரேலியர் அவரே. அக்காலக் கப்பல்கள் கொழும்பைத் தொட்டுச் செல்வது வழக்கம். 1907 செப்டெம்பர் மாதத்தில் இவ்வணி கொழும்பில் இறங்கி, அன்றைய இலங்கை அணியுடன் ஓர் ஆட்டத்தில் மோதி வெற்றி பெற்றது. பெரும்பாலும் ஐரோப்பியத் தோட்டத்துரைமாரும் வர்த்தகரும் ஆடிய காலம் அது. இன்று கண்டியிலும் கொழும்பிலும் சிங்கள, தமிழ், முஸ்லிம் இளைஞர் ஒருங்கே ஆடும் றக்பியின் இலங்கை வரலாற்றில், ஆரம்பகால சர்வதேச ஆட்டங்களுள் ஒன்று, தாய்நாட்டில் ஒதுக்கி வைக்கப்பட்ட தொழில்முறை வீரர்களுடன் நடைபெற்றது என்பது குறிப்பிடத்தக்கது.

ஒக்டோபர் முதலாம் திகதி லீட்ஸ் நகரை அடைந்த அணியைப் பெருந்திரளான மக்கள் வரவேற்றனர். சில நாட்களுக்குள் புதிய விதிகளைப் பயின்று, 13 பேர் ஆட்டத்துக்குத் தம்மைப் பழக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பனியும் சேறும் நிறைந்த மைதானங்களில் மெசெஞ்சர் தமது ஆற்றலை முழுமையாக வெளிப்படுத்தினார். சுற்றுப்பயணத்தில் 146 புள்ளிகளைப் பெற்று அணியின் முதலிடத்தைப் பிடித்தார். 1908 ஜனவரி முதலாம் திகதி வேல்ஸின் அபர்டெயார் நகரில் நடைபெற்ற றக்பி லீக் வரலாற்றின் முதலாவது சர்வதேச ஆட்டத்தில், வேல்ஸ் 9க்கு 8 என்ற கணக்கில் வென்றது. பிரித்தானியாவுக்கு எதிரான மூன்று ஆட்டங்கள் கொண்ட தொடரில் முதல் ஆட்டத்தில் தோற்ற நியூசிலாந்து, ஏனைய இரண்டையும் வென்று தொடரைக் கைப்பற்றியது. நியூசிலாந்தின் உடை தரித்து அவ்வெற்றிக்கு உழைத்தவர்களுள் சிட்னியின் படகுக் கொட்டகையில் வளர்ந்த மெசெஞ்சரும் ஒருவர்.

சுற்றுப்பயணம் இலாபத்துடன் நிறைவுற்றது. இலாபம் வீரர்களிடையே பகிரப்பட்டது. ஆனால் அதனைக் கனவு கண்டு நிறைவேற்றிய பாஸ்கர்வில் தமது ஊர் திரும்பவில்லை. திரும்பும் வழியில் அவுஸ்திரேலியாவில் ஆடிக்கொண்டிருந்த வேளை, நியூமோனியாக் காய்ச்சலுக்கு ஆளாகி, 1908 மே 20ஆம் திகதி பிரிஸ்பேனில் காலமானார். அப்போது அவருக்கு வயது 25.

வேரூன்றிய ஆட்டம்

மெசெஞ்சர் திரும்பி வந்தபோது சிட்னியில் புதிய ஆட்டத்தின் முதலாவது பருவம் நடைபெற்றுக்கொண்டிருந்தது. ஒன்பது கழகங்கள் பங்குபற்றின. முந்திய ஆண்டில் நியூசிலாந்துக்காக ஆடிய அவர், 1908 மே மாதம் அதே நியூசிலாந்துக்கு எதிராக அவுஸ்திரேலியாவின் முதலாவது றக்பி லீக் சர்வதேச ஆட்டத்தில் களமிறங்கினார். தோழர்களாக ஒன்றாய்ப் பயணித்தவர்களை எதிரணியில் சந்திக்க நேர்ந்தது.

அவ்வாண்டின் பிற்பகுதியில் கில்டினன் தமது சொந்தப் பணத்தைக் கொண்டு அவுஸ்திரேலிய அணியைப் பிரித்தானியாவுக்கு அழைத்துச் சென்றார். கங்காரு அணி என்று இன்றும் வழங்கும் பெயர் அப்பயணத்துடனேயே நிலைபெற்றது. டிசெம்பர் 12ஆம் திகதி லண்டனில் நடைபெற்ற முதலாவது சர்வதேச ஆட்டத்தில் மெசெஞ்சர் அணித்தலைவராக இறங்கினார். ஆட்டம் 22க்கு 22 எனச் சமநிலையில் முடிந்தது. பயணத்தில் 155 புள்ளிகளுடன் மீண்டும் முன்னணியில் நின்றார். எனினும், வட இங்கிலாந்தின் ஆலைகளில் அக்குளிர்காலத்தில் வேலை குறைந்து மக்கள் கையில் காசில்லாத நிலையில், மைதானங்கள் வெறிச்சோடின. கில்டினன் கடனாளியாகி முறிந்துபோனார். தொழிலாளியின் ஆட்டம் தொழிலாளியின் வருமானத்தையே நம்பியிருந்தது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

இத்தனை இடர்களையும் தாண்டி ஆட்டம் நிலைத்தது. 1909இல் தேசிய றக்பி அணி வீரர்கள் பலர் ஒருசேரப் புதிய ஆட்டத்துக்கு மாறினர். 1910இல் பிரித்தானிய அணி அவுஸ்திரேலியா வந்தபோது மக்களின் ஆதரவு எந்தப் பக்கம் என்பது தெளிவாயிற்று. 1911ஆம் ஆண்டில் மாத்திரம் மெசெஞ்சர் எல்லா ஆட்டங்களிலுமாக 270 புள்ளிகளைக் குவித்தார். அவரது ஈஸ்டர்ன் சபேர்ப்ஸ் கழகம் 1911, 1912, 1913 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வெற்றிக்கிண்ணத்தைச் சுவீகரித்தது. அத்துடன் 30ஆவது வயதில் அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

பெற்றதும் இழந்ததும்

பணத்துக்காகப் போனவர் என்று தூற்றப்பட்ட மெசெஞ்சர் செல்வந்தராக வாழ்ந்தாரா? இல்லை. ஓய்வின் பின்னர் ஹோட்டல் நடத்தினார்; வாழைத் தோட்டத்தில் முதலிட்டார். அம்முயற்சிகள் கைகொடுக்கவில்லை. இறுதியில் தச்சுத் தொழிலாளியாக உழைத்தே காலந்தள்ளினார். சிறுவயதில் தந்தையாரின் கொட்டகையில் பழகிய மர வேலை, புகழெல்லாம் ஓய்ந்த பின்னர் அவருக்குச் சோறு போட்டது. 1959 நவம்பர் 24ஆம் திகதி நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கனெடா நகரில், 76ஆவது வயதில் அவர் காலமானார்.

அவரது பெயரால் 1980ஆம் ஆண்டு முதல், அவுஸ்திரேலிய றக்பி லீக்கின் ஆண்டின் தலைசிறந்த வீரருக்கு டலி எம் பதக்கம் வழங்கப்பட்டு வருகின்றது. மறுபுறத்தில், ஹடர்ஸ்பீல்ட் கூட்டம் நடந்து நூறு ஆண்டுகள் நிறைவுற்ற அதே 1995 ஓகஸ்ட் மாதத்தில், சர்வதேச றக்பி சபை தனது அமெச்சூர் விதியைத் தானே கைவிட்டு, வீரர்கள் ஊதியம் பெறுவதை அனுமதித்தது. அதற்கும் 12 ஆண்டுகள் கழித்து, 2007இல், அவுஸ்திரேலிய றக்பி சங்கம் மெசெஞ்சரின் பெயரை மீண்டும் தனது பதிவுகளில் சேர்த்துக்கொண்டது. அவர் இறந்து அப்போது 48 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒரு கொள்கை தவறென்று ஒப்புக்கொள்வதற்கு நிறுவனங்கள் ஒரு நூற்றாண்டை எடுத்துக்கொள்ளலாம். தனிமனிதனுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. சேவை, அர்ப்பணிப்பு, கௌரவம் என்னும் உயர்ந்த சொற்களைக் கூறி ஊதியமில்லாத உழைப்பை எதிர்பார்க்கும் வழக்கம் விளையாட்டுத் துறையோடு முடிந்துவிடவுமில்லை. அவ்வாறான சொற்கள் காதில் விழும்போதெல்லாம், நுழைவுச்சீட்டுப் பணம் எங்கே செல்கிறது, காயத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்ற இரு கேள்விகளையும் கேட்டுப் பார்ப்பது நல்லது. 1907இல் சிட்னி வீரர்கள் கேட்ட கேள்விகளும் அவையே.